எண்ணத் தெரிகிறது, எடுக்கத் தெரியவில்லை: பிள்ளைகளின் எண் தடுமாற்றம், அறிகுறி வாரியாக

மதுரை மாவட்டம் சோழவந்தான் பக்கம் மாலை நேரத்தில் எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் திண்ணையில் வைத்துச் சொல்லித் தருகிறேன். அம்மாக்கள் கொண்டுவரும் குறைகள் வருடா வருடம் ஒன்றேதான். நூறு வரை சொல்கிறான், ஐந்து எடுக்கத் தெரியவில்லை. மூன்றைத் திருப்பிப் போடுகிறாள். இருபத்தொன்பதோடு நின்றுவிடுகிறான். இத்தனை குறைக்கும் வீட்டில் நடக்கும் வைத்தியமும் ஒன்றேதான்: "ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் அஞ்சு தடவை எழுது." இதில் முக்கால்வாசிக் குறைக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே கிடையாது. எழுதி எழுதிக் கை வலிப்பதுதான் மிச்சம்.

உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரி கடைசியில்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

பத்துப் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களில் 1 முதல் 10 வரை சேர்த்து வையுங்கள். சிலேட்டு ஒன்று. பிள்ளை சாப்பிட்டு, தூங்கி எழுந்த நேரமாக இருக்கட்டும். ட்யூஷன் முடிந்து வந்த ஏழு மணிக்கு வேண்டாம்.

முதல் கேள்வி: "அஞ்சு கொட்டை எடுத்துக் குடு."
இரண்டாவது: தாள்களைக் கலைத்து 4-ஐக் காட்டி, "இது என்ன?"
மூன்றாவது: "ஏழு எழுது."

முதல் கேள்வியிலேயே தடுமாறினால் அறிகுறி 1, 2. கொட்டையைச் சரியாக எடுத்துவிட்டு தாளைப் பார்த்து முழித்தால் அறிகுறி 4. இரண்டும் சரி, எழுதும்போதுதான் தகராறு என்றால் 6, 7. பத்துக்குள் எல்லாம் சரியாக இருந்து, அதற்கு மேல் போனால் குழப்பம் என்றால் 3, 5, 8.

வரிசையை மாற்றாதீர்கள். முதல் கேள்வியில் தோற்ற பிள்ளைக்கு மூன்றாவது கேள்வியே தேவையில்லை. ஏழு என்றால் எத்தனை என்று தெரியாத பிள்ளை 7 எழுதப் பழகினால் அது வெறும் கோடுதான்.

இன்னொன்று. வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் புளியங்கொட்டை, பட்டாணி எதுவும் வேண்டாம். ஸ்பூன், டம்ளர், எலுமிச்சம்பழம் போதும். பெரிய பிள்ளைகளும் கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதுண்டு. போட்டுக்கொண்டால் ஊக்கை விட்டுக் குடையாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். கொட்டை ஊறிப் பெருத்துவிடும். நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அறிகுறி 1: நூறு வரை ஒப்பிக்கிறது, ஐந்து எடுக்கச் சொன்னால் அள்ளிக் கொடுக்கிறது

என்னிடம் வருவதில் பெரும்பாலும் இந்தக் கேஸ்தான். பெற்றோர் நம்ப மறுப்பதும் இதைத்தான். "நூறு வரைக்கும் தெரியும் டீச்சர், உங்களப் பாத்து பயப்படுறான்" என்பார்கள்.

*எளிய காரணம்: எண்ணைப் பாட்டாகப் படித்திருக்கிறது.* "ஆறுலேர்ந்து சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை மெதுவாக ஒன்றிலிருந்து தொடங்கி ஆறுக்கு வந்தால், அது வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறது, அவ்வளவுதான். தப்பு ஒன்றும் இல்லை, பாதி வேலை முடிந்திருக்கிறது. மீதிப் பாதி கையில் நடக்க வேண்டும்.

நூறை மறந்துவிட்டு மூன்றோடு நிறுத்துங்கள். "மூணு வெங்காயம் எடுத்துட்டு வா." "அப்பத்தாவுக்கு ரெண்டு இட்லி வை." "மூணு தட்டு போடு." இது கேள்வி கேட்பது போல இருக்கக்கூடாது, உண்மையான வேலையாக இருக்க வேண்டும். நான்கு வெங்காயம் வந்தால் திட்டாதீர்கள். கையில் வாங்கி ஒவ்வொன்றாக எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள். ஒரு சத்தத்துக்கு ஒரு சொல். பாத்திரம் கணீரென்றதும் "ஒண்ணு", அடுத்த கணீருக்கு "ரெண்டு". சத்தத்தோடு எண்ணும்போது பிள்ளையின் வாய் தானாகவே வேகம் குறைவதைப் பார்ப்பீர்கள். மூன்று சந்தேகமில்லாமல் வந்த பிறகு நான்கு, அப்புறம் ஐந்து. ஐந்து வந்துவிட்டால் பத்துக்குப் போக அதிக நாள் ஆகாது.

*அடுத்த காரணம்: கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று தெரியாது.* பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அழகாகத் தொட்டு எண்ணும். "சரி, மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும், அல்லது வாய்க்கு வந்ததைச் சொல்லும். எண்ணுவது என்பது ஒரு சடங்கு, "எத்தனை" என்று கேட்டால் அந்தச் சடங்கைச் செய்ய வேண்டும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு நீங்கள் எண்ணிக் காட்டும் விதம்தான் மாற வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று தொட்டு முடித்ததும் உள்ளங்கையால் நாலு கொட்டையையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, "நாலு கொட்டை" என்று முடியுங்கள். ஒவ்வொரு தடவையும் இந்தக் கடைசி வட்டம் வேண்டும். பிறகு கொட்டாங்குச்சியால் மூடிவிட்டு, "உள்ள எத்தனை இருக்கு?" கண்ணுக்குத் தெரியாததால் மறுபடி எண்ண வழியில்லை. பிள்ளை ஒரு நொடி மூடியையே பார்த்துவிட்டு "நாலு" என்று சொன்னால் பிடித்துக்கொண்டது.

அதே நாலு கொட்டையைப் பரப்பி வைத்து, "இப்ப எத்தனை?" என்றால் "நிறைய" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. நான்கைந்து வயதில் அது சகஜம். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

*எப்போது வெளியே காட்டுவது:* ஐந்து வயது முடிந்துவிட்டது, இரண்டு மாதமாகத் தினமும் வீட்டு வேலையோடு இதைச் செய்கிறீர்கள், இன்னும் மூன்று பொருளைக் கேட்டால் மூன்று வருவதில்லை என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள். மூன்று வயதுப் பிள்ளை என்றால் இந்தத் தலைப்பையே மூடிவிட்டு விளையாட விடுங்கள்.

அறிகுறி 2: எண்ணும்போது ஒன்றை விடுகிறது, அல்லது ஒன்றையே இரண்டு தடவை எண்ணுகிறது

பொருட்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். வரிசையாக வைத்தால் சரியாக எண்ணும் பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை. எண்ணியதையும் எண்ணாததையும் பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். எண்ணியதை இங்கிட்டு நகர்த்து, எண்ணாதது அங்கிட்டுக் கிடக்கட்டும் என்று பழக்குங்கள். வெறும் விரலால் சுட்டிக் காட்டுவதைவிட எடுத்து நகர்த்துவது எப்போதும் நல்லது.

இதற்கு முட்டை அட்டை போல ஒரு பொருள் கடையில் விற்பதில்லை. முப்பது முட்டை வைக்கும் அட்டையில் ஐந்துக்கு ஆறு குழி இருக்கும். இரண்டு இரண்டு வரிசையாகக் கத்தரித்தால் ஒவ்வொன்றிலும் பத்துக் குழியுள்ள மூன்று துண்டு கிடைக்கும். ஒரு குழிக்கு ஒரு கொட்டை. விட்டுப் போனால் குழி காலியாகத் தெரியும், இரண்டு தடவை போட்டால் அதுவும் தெரியும். நீங்கள் "தப்பு" என்று சொல்லும் வேலை மிச்சம். கொஞ்ச நாளில் மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருந்தால் எண்ணாமலே "ஏழு" என்று சொல்ல ஆரம்பிக்கும். இந்த மூன்று துண்டையும் பத்திரமாக வையுங்கள், எட்டாவது அறிகுறிக்கும் வேண்டும்.

சில பிள்ளைகள் எழுத்துக்கு ஒரு பொருளைத் தொடுவார்கள். "ஒம்-போ-து" என்று சொல்லி மூன்று கொட்டையைத் தாண்டிவிடுவார்கள். விரலை மட்டும் கவனித்தால் இது உடனே தெரியும். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்து நிதானமாக ஒரு தடவை தொட வையுங்கள்.

வரிசையாக வைத்தும், நகர்த்தியும், கை வேறு பக்கம் போகிறது, பொருளை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோகிறது, தலையைச் சாய்த்துப் பார்க்கிறது என்றால் கண்ணைக் காட்டுங்கள். மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கண் சோதிக்க முடியும். ஸ்கூல் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அறிகுறி 3: பன்னிரண்டு தாண்டியதும் தடுமாற்றம், இருபத்தொன்பதில் நின்றுவிடுகிறது

பதினொன்று, பதிமூன்று, பதினாலு, பதினஞ்சு என்று ஒழுங்காகப் போகிற வரிசையில் பன்னிரண்டும் பத்தொன்பதும் மட்டும் வேறு மாதிரி. பிள்ளை "பதிரெண்டு" என்றும் "பதினொம்போது" என்றும் சொன்னால் அதற்குக் கணக்கு புரிந்திருக்கிறது என்று அர்த்தம். சிரிக்காமல், "ஆமா, பன்னெண்டு" என்று சரியானதைச் சொல்லிவிட்டு நகருங்கள். "இருபத்துப்பத்து" என்று சொல்லும் பிள்ளையும் அப்படித்தான். அடுத்த பத்தின் பெயர் தெரியாததால் கையில் இருப்பதை வைத்து ஒன்றைச் செய்துகொள்கிறது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது: பத்து, இருபது, முப்பது, நாற்பது என்ற வரிசை தனியாக வருகிறதா? பெரும்பாலும் வராது. இதைத் தனியாகப் பழக்குங்கள். ஐம்பதுக்கு அப்புறம் அறுபது என்று வந்துவிட்டால் ஐம்பத்தொன்பதில் வண்டி நிற்காது. பிறகு 27-இல் தொடங்கி 31 வரை, 37-இல் தொடங்கி 41 வரை என்று முட்டுச் சந்தை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். தினமும் ஒன்றிலிருந்து தொடங்கினால் பத்து வரை பிரமாதமாகவும் முப்பதில் களைத்தும் போகும். களைப்பில்தான் பழக்கம் ஏறுகிறது, அதுவும் தப்பாக.

எண்பத்தொன்பதுக்கு அப்புறம் "நூறு!" என்று கத்துவதும் நடக்கும். தொண்ணூறின் முடிவில் ஒரு நூறு ஒளிந்திருப்பதால் அந்தக் குழப்பம். தொண்ணூறு முதல் நூறு வரை தனியாகச் சில நாள் சொன்னால் தீரும்.

இங்கிலீஷ் மீடியப் பிள்ளை என்றால் தர்ட்டீன், தர்ட்டி, பிஃப்டீன், பிஃப்டி. இதில் பாதி சொல்லிக் கொடுப்பவர் உச்சரிப்பில் இருக்கிறது. "டீன்" என்பதை இழுத்துச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டில் அஞ்சு, புத்தகத்தில் ஐந்து, ஸ்கூலில் ஃபைவ். மதுரை சௌராஷ்டிர வீடுகளில் வீட்டு மொழி எண் வேறு. இத்தனையும் பிள்ளை தாங்கும், ஆனால் ஒரு எண்ணிக்கையின் நடுவில் மொழி மாறக்கூடாது. "ஒன், டூ, த்ரீ, நாலு, அஞ்சு" என்று நாமே எண்ணுகிறோமா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பொருளை எண்ணுவது பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியில் நடக்கட்டும். ஸ்கூல் மொழியில் பெயரை அதன் பிறகு ஒட்டலாம்.

இவை எதுவும் இல்லை, ஆறு என்றால் ஏழு எடுக்கிறது, திரும்பத் திரும்ப "என்ன?" என்கிறது என்றால், பின்னால் நின்று, உங்கள் வாய் தெரியாமல், மெதுவான குரலில் எண்களைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். முகம் பார்த்துச் சொன்னால் சரி, பின்னாலிருந்து சொன்னால் தப்பு என்றால் காது. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

அறிகுறி 4: வரிசையாக இருந்தால் படிக்கிறது, தனியாகக் காட்டினால் தெரியவில்லை

சுவரில் மாட்டிய சார்ட்டில் குச்சி வைத்துக் காட்டினால் 1 முதல் 20 வரை படிக்கும். கையால் மற்ற எண்களை மறைத்து 8-ஐ மட்டும் காட்டினால் விழிக்கும். அது எண்ணைப் படிக்கவில்லை, இடத்தைப் படிக்கிறது. சார்ட்டைக் கழற்றிவிட்டு காலண்டர் தாள்களை எடுங்கள். பெரிய எழுத்து, ஒரு தாளுக்கு ஒரு எண், காசு கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமைத் தாள் சிவப்பாக இருக்கும். "சிவப்பா இருக்குறது அஞ்சு" என்று நிறத்தை வைத்துப் படித்துவிடும், கறுப்புத் தாளையே எடுங்கள். தமிழ்த் தேதியும் அதே தாளில் சின்னதாக அச்சாகி இருக்கும், அதைக் கத்தரித்துவிடுங்கள். ஒரு தாளில் இரண்டு எண் இருந்தால் எதைக் கேட்கிறோம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஒரு நேரத்தில் மூன்று தாள் போதும். தெரிந்தது இரண்டு, புதியது ஒன்று. தாளுக்குப் பக்கத்தில் அத்தனை கொட்டையை வைக்கச் சொல்லுங்கள். முதலில் 1, 4, 7 போல உருவம் ஒட்டாதவற்றை எடுங்கள். 6-ஐயும் 9-ஐயும் ஒரே நாளில் காட்டவே கூடாது.

எழுத்தோடு குழம்புவதும் உண்டு. பிள்ளையார் சுழியைப் பார்த்து "டூ" என்று சொன்ன பிள்ளைகள் என் திண்ணையில் நிறைய. உ-வும் 2-ம், எஸ்ஸும் ஐந்தும், ஓவும் பூஜ்யமும். தமிழ், இங்கிலீஷ், எண் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கும் எல்.கே.ஜி. பாடத்தின் பலன் இது. இரண்டு தட்டு வைத்து, எழுத்துத் தாள் ஒன்றில், எண் தாள் ஒன்றில் பிரித்துப் போடும் விளையாட்டு போதும்.

அச்சில் இருக்கும் 4 மேலே மூடியிருக்கும், டீச்சர் எழுதும் 4 திறந்திருக்கும். அச்சு 1-க்குத் தொப்பி இருக்கும், கையெழுத்தில் இருக்காது. இரண்டையும் காட்டி, "இதுவும் நாலுதான்" என்று சொல்லிவிடுங்கள். மதுரை பெரியார், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுகளில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பஸ் எண் படிப்பது இதற்கு நல்ல பயிற்சி.

அறிகுறி 5: நோட்டில் 1 முதல் 100 வரை அழகாக இருக்கிறது, 47 எழுதச் சொன்னால் தெரியவில்லை

பிள்ளை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கட்டம் போட்ட நோட்டில் மேலிருந்து கீழே 4, 4, 4, 4 என்று ஒன்பது தடவை இறங்கும். அப்புறம் மேலே வந்து பக்கத்தில் 1, 2, 3, 4 என்று இறங்கும். பக்கம் நிறைந்துவிட்டது, டிக் போட்டாகிவிட்டது, ஒரு எண்ணைக்கூடப் பிள்ளை எழுதவில்லை. கோடு கோடாக இறக்கியிருக்கிறது. இந்தத் தந்திரத்தை எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லாப் பிள்ளைகளும் தாமாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். புத்திசாலித்தனம்தான்.

பக்கம் நிறைய எழுதச் சொல்வதை நிறுத்துவதே மருந்து. வாயால் சொன்ன ஐந்து எண், வரிசையில்லாமல், சொல்லிக்கொண்டே எழுதட்டும். பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று ஸ்கூலில் கேட்டால், டீச்சரிடம் நேரில் பேசுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் வீட்டுப்பாடத்தைக் குறுக்கே, வரி வரியாக எழுத வையுங்கள். கீழே இறங்கத் தடை போட்டால் பாதி வேலை நடந்துவிடும்.

அறிகுறி 6: 3, 7, 9 திரும்பி விழுகின்றன, 6-க்கு 9 போடுகிறது

ஏழு வயது வரை இது பெரிய விஷயமே இல்லை. "டிஸ்லெக்ஸியாவா (படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) இருக்குமோ" என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிற பெற்றோர் இப்போது அதிகம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் கண்ணாடியில் தெரிவது போல எழுதிவிட்டுத்தான் நேராக எழுதப் பழகுகிறார்கள்.

எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கீழிருந்து தொடங்கும் பிள்ளைக்குத் திரும்பத்தான் செய்யும். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வாசலில் சாக்பீஸால் ஆளுயர 3 போட்டு, புள்ளியிலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள். ரவை பரப்பிய தட்டில் விரலால் எழுதச் சொல்லுங்கள். 3-ஐ ஒரு வாரம், அது நின்ற பிறகு 9. திரும்பியவற்றை எல்லாம் ஒரே நாளில் திருத்தினால் நேராக இருந்ததும் திரும்பிவிடும்.

8-ஐ இரண்டு வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து எழுதினால் விட்டுவிடுங்கள். கை பழகியதும் தானாக மாறும்.

எட்டு வயது ஆகிவிட்டது, எழுத்துகளும் திரும்புகின்றன, படிப்பதும் திணறலாக இருக்கிறது: மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் காட்ட வேண்டும்.

அறிகுறி 7: எழுத உட்கார மறுக்கிறது, கை வலிக்கிறது என்கிறது

வயதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது. நான்கு வயதுக்குள் என்றால் வலிப்பது உண்மைதான், நிறுத்துங்கள். விஜயதசமிக்கு அரிசியில் எழுதினோமே என்பார்கள். அன்றைக்குக் கையைப் பிடித்து எழுதியவர் தாத்தா. தினமும் பென்சில் பிடிப்பது வேறு கதை.

ஐந்து வயதுக்கு மேல் என்றால் பிடியைப் பாருங்கள். முழு பென்சிலைக் கைமுட்டியால் பிடித்தால் உடைத்த சின்னத் துண்டு க்ரேயான் கொடுங்கள். சின்னத் துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். விரலுக்கு வலு வர வேண்டும் என்றால் சப்பாத்தி மாவு பிசைய, பட்டாணி உரிக்க, சொட்டாங்கல் ஆட விடுங்கள். பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விரல் நன்றாக ஓடுவதைக் கவனித்திருக்கிறேன்.

சிலேட்டுக் குச்சியைத் தின்கிறதா? அதட்டி நிறுத்தினால் போதாது. மண், சாக்பீஸ், குச்சி தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குறை இருந்தால் களைப்பும் கவனமின்மையும் அதிலிருந்தே வரக்கூடும்.

பட்டன் போடுவது, ஸ்பூன் பிடிப்பது, பந்து பிடிப்பது எல்லாமே வயதுக்கு மிகவும் பின்தங்கியிருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி 8: இருபத்து மூன்றுக்கு 203 போடுகிறது, 12-க்கு 21

காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. இருபது என்றால் 20, மூன்று என்றால் 3, சேர்த்தால் 203. தர்க்கம் சரி. இரண்டு இலக்கம் பழகத் தொடங்கும் ஒன்றாம் வகுப்பில் இது வரத்தான் செய்யும்.

விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள். கட்டுவது பிள்ளையின் கையாலேயே நடக்க வேண்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் அது வெறும் தடித்த குச்சி. இரண்டு கட்டு, மூன்று உதிரி. கட்டு எத்தனை என்பதை இடது பக்கமும் உதிரியை வலது பக்கமும் எழுதட்டும். கூடவே ஒரு அட்டையில் 20 எழுதி, அதன் பூஜ்யத்தின் மேல் 3 எழுதிய சின்ன அட்டையை வையுங்கள். பூஜ்யம் மறைந்து 23 ஆவதைப் பார்த்ததும் "ஓ!" என்ற சத்தம் வரும். 12, 21 குழப்பத்துக்கும் இதே குச்சிதான்: ஒரு கட்டு இரண்டு உதிரி, இரண்டு கட்டு ஒரு உதிரி, பக்கத்தில் பக்கத்தில். முட்டை அட்டைத் துண்டுகள் இருந்தால் இரண்டு நிறைந்தது, ஒன்றில் மூன்று.

ரூபாய் இன்னும் வேகம். பத்து ரூபாய் நாணயம் இரண்டு, ஒரு ரூபாய் மூன்று. பத்து ரூபாய் நாணயத்தைச் சில கடைகளில் வாங்க மறுக்கிறார்கள், செல்லாத காசு என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியால். அது செல்லும். அதுவரை பிள்ளைக்குப் பாடம் நடத்தவாவது உதவட்டும்.

நூறு வரும்போது எங்கள் ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. நூறு வெற்றிலை ஒரு கவுளி என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஒரு கவுளியும் ஐந்து வெற்றிலையும் என்றால் 105, 1005 போடமாட்டார்கள்.

அரசுப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளை என்றால், 2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் அது எதில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். எந்த நிலையில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் அதைத் தாண்டி இழுக்க வேண்டாம்.

அறிகுறி 9: நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் காய்ச்சல், தூக்கக் குறைவு, ஊரிலிருந்து வந்த அத்தை பிள்ளைகள். விடுங்கள். ஒரு ஆளிடம் மட்டும் மறந்துபோகிறது என்றால் அந்த ஆளிடம் அடி விழுகிறதா என்று விசாரியுங்கள். வார்த்தைகள், நடை, எண் என்று தெரிந்தவை எல்லாம் சேர்ந்து மறைந்துகொண்டே போனால் வீட்டில் எந்த வைத்தியமும் வேண்டாம், அந்த வாரமே மருத்துவர். இடையிடையே சில நொடி கண் நிலைகுத்தி, கூப்பிட்டால் பதில் இல்லாமல் போனாலும் அப்படியே.

யாரிடம் போவது

முதலில் வகுப்பு டீச்சர். காசில்லாத ஆலோசனை, பிள்ளையை மற்ற முப்பது பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரே ஆள். அங்கன்வாடிப் பிள்ளை என்றால் அங்கன்வாடிப் பணியாளர்.

அடுத்தது பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருக்கும் உங்கள் வட்டார வள மையம். அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஸ்கூல் வழியாகக் கேட்டால் எளிது, நேராகவும் போகலாம். கண்ணும் காதும் இதற்கு முன்பே பார்த்து முடித்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டதும் தீர்ந்துபோன "கணக்கு வராத" கேஸ்கள் உண்டு.

அதற்கும் மேல் என்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. பேச்சு, நடை, கவனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கணக்கில் மட்டும் கற்றல் குறைபாடு என்று முடிவு சொல்வது பொதுவாக ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான். எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஒரே பார்வையில் அந்தப் பெயர் வைத்து, மாதக் கட்டணம் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த வயதுக்குப் பிறகு முறையாகச் சான்று கிடைத்தால் பயப்பட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது, தேர்வுச் சலுகைகளுக்கு வழியுண்டு.

போகும்போது பிறந்த விவரம், எப்போது பேசியது, எப்போது நடந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் நோட்டையும் எடுத்துப் போங்கள். அழித்து, திருத்தி, மேலே எழுதிய சுத்த நோட்டு வேண்டாம். 203-ம் திரும்பிய 3-ம் தேதியோடு அப்படியே இருக்கிற நோட்டுதான் அங்கே உதவும்.